கல்லுக்குத் தண்ணீர் காட்டாதே

மறையூரில் பாம்பாற்றுக்கு மேலே உள்ள பாறையில் ஏறினால் முனியறைகள். பலகைக் கற்களைச் சுற்றிலும் நிறுத்தி, மேலே ஒரு பெருங்கல்லை மூடியாக வைத்த பெருங்கற்கால ஈமச்சின்னங்கள். போன தடவை லொகேஷன் பார்க்கப் போனபோது, கூட வந்த ஆர்ட் அசிஸ்டென்ட் தம்பி பாட்டிலைத் திறந்து மூடிக்கல்லில் ஊற்றப் போனான். நனைந்த கல் கருத்து, வரிகள் எடுப்பாகத் தெரியும். சினிமாவில் அன்றாடம் நடக்கிற வேலைதான். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னண்ணே, வெறும் தண்ணிதானே?"

அந்த வெறும் தண்ணீரைப் பற்றி 1959-லேயே சட்ட விதி எழுதியிருக்கிறார்கள். மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்களில் படம் எடுக்க உரிமம் வேண்டும். அதன் நிபந்தனைகளில் ஒன்று: தண்ணீர், எண்ணெய், கிரீஸ் எதுவும் சின்னத்தின் மேல் படக்கூடாது. ஈரம் விரிசலுக்குள் இறங்கும், பாசி பிடிக்கும். எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாம் பேக்கப் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவோம். கல் அங்கேயேதான் இருக்க வேண்டும்.

புரொடக்‌ஷன் மேனேஜராக நான் முதலில் கேட்பது, இடம் யார் பொறுப்பில் இருக்கிறது என்பதைத்தான். மத்தியத் துறையா, மாநிலத் துறையா, வனத்துறையா? 1766-இல் ஹைதர் அலி எழுப்பிய பாலக்காடு கோட்டை மத்தியத் துறையிடம் இருக்கிறது. அங்கே படம் எடுக்க மூன்று மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஜனவரி வெயில் வேண்டுமென்றால் செப்டம்பரிலேயே கதையும் காட்சியும் முடிவாகியிருக்க வேண்டும். ஜெனரேட்டர் கோட்டையை ஒட்டியோ புல்வெளியிலோ நிற்கக்கூடாது. அதனால் கேபிள் எவ்வளவு நீளம் வேண்டும் என்று காலடியால் அளந்து குறித்துக்கொள்வேன். கோட்டைக்குள் ஆஞ்சநேயர் கோயில் இருக்கிறது. கும்பிட வருகிறவர்களை "ஷாட் போகுது, நில்லுங்க" என்று மறிக்க முடியாது. அவர்கள் நடமாட்டத்துக்குத் தடையில்லாமல்தான் படம் எடுக்க வேண்டும். விதிகள் அப்படி. அது நியாயமும்கூட.

இந்தக் கண்டிப்பு நம் ஊரில் மட்டுமில்லை. கிரீஸில் 2025-இல் யோர்கோஸ் லான்திமோஸ் என்ற புகழ்பெற்ற இயக்குநர், 'புகோனியா' படத்துக்காக ஏதென்ஸ் அக்ரோபோலிஸில் பிணங்கள் சிதறிக் கிடக்கும் காட்சி எடுக்க அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. அந்த இடத்துக்கு அந்தக் காட்சி பொருந்தாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் அந்நாட்டுக்காரர்தான். 2009-இல் வெளியான 'மை லைஃப் இன் ரூயின்ஸ்' படத்துக்கு அதே இடத்தில் அனுமதி கிடைத்திருந்தது. பெயரும் பணமும் மட்டும் போதாது, காட்சியும் இடத்துக்குப் பொருந்த வேண்டும். கோட்டைச் சுவர் வெடிக்க வேண்டுமா? செட் போடுங்கள். ஆணி அடித்து உடைக்கத்தானே செட்!

மறையூரில் அன்றைக்குத் தம்பி அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். காத்திருந்தோம். நாலரை மணிக்கு வெயில் சாய்ந்து மூடிக்கல்லில் பக்கவாட்டில் விழுந்தது. ஒவ்வொரு வரியும் பள்ளமும் தனித்தனியாக எழுந்து வந்தன. ஒரு சொட்டு ஈரம் இல்லை. தம்பியே நோட்டை வாங்கி எழுதினான்: "முனியறை, சாயங்காலம் 4.30."