தீபாவளிச் சாயமும் நம் வீட்டு நடையும்



தீபாவளி நெருங்கினால் நம் வீடுகளில் இரண்டு வேலைகள் தவறாமல் நடக்கும். ஒன்று பலகாரத்துக்கு மாவு இடிப்பது, மற்றொன்று சுவருக்குச் சாயம் பூசுவது. கூடத்துக்கு என்ன நிறம் என்று குடும்பமே ஒரு வாரம் கூடிப் பேசும். அம்மாவுக்கு மஞ்சள், மகனுக்குச் சாம்பல் நிறம், மகளுக்கு ரோஜா நிறம் என்று வழக்கு நடக்கும். ஆனால் கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போகிற நடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. "அது என்னங்க, நடந்து போற இடந்தானே!" என்று சொல்லி, டின்னில் மிச்சம் கிடப்பதை அங்கே அடித்துவிடுகிறோம்.

வீட்டிலேயே வெளிச்சம் குறைந்த இடம் அந்த நடைதான். பாட்டி இரவில் கழிவறைக்குப் போவதும், பிள்ளைகள் ஓடுவதும், அம்மா கொதிக்கிற குழம்பைத் தூக்கிக்கொண்டு வருவதும் அதே வழியில்தான். தோட்டத்து வீடானாலும் சரி, பி.பி.ஆர். அடுக்குமாடியில் 700 சதுர அடி வீடானாலும் சரி, நடையின் அகலம் மூன்றடி, மூன்றரையடிதான். அதற்குச் சாயம் தேர்ந்தெடுப்பதை விளையாட்டாக நினைக்கக் கூடாது.

அன்று நிறத்தைத் தேர்ந்தெடுத்தது யார்?

முன்னாளில் லயத்துச் சுவருக்கு என்ன நிறம் என்று நம் பெற்றோரிடம் யாரும் கேட்டதில்லை. ஆபீசிலிருந்து சுண்ணாம்பு வரும், வரிசை முழுக்க ஒரே வெள்ளை. அழுக்குத் தெரியாமல் இருக்கச் சில இடங்களில் கீழே மூன்றடிக்குக் கருஞ்சாயம் பூசுவார்கள். இன்று தோட்டத்தை விட்டுச் சொந்த வீட்டுக்கு வந்த குடும்பத்துக்கு, தன் சுவருக்குத் தானே நிறம் தேடுவது ஒரு பெரிய உரிமைதான். அந்த உரிமையை யோசித்துப் பயன்படுத்த வேண்டும்.

வெளிச்சம்தான் முதல் கணக்கு

நல்ல வெள்ளைச் சாயம் தன்மேல் படுகிற வெளிச்சத்தில் நூற்றுக்கு 80 பங்கைத் திருப்பித் தரும். இளமஞ்சளும் பாலாடை நிறமும் அதற்குச் சற்றுக் குறைவு. கருநீலமும் கரும்பழுப்பும் பத்துப் பங்கைத் திருப்பித் தந்தாலே அதிகம், மற்றதையெல்லாம் அவையே விழுங்கிவிடும். அதே விளக்கைப் போட்டாலும் கருஞ்சுவர் நடை இருட்டாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு விஷயமும் உண்டு. நடையில் இரண்டு சுவர்கள் கிட்டக் கிட்ட எதிரெதிரே நிற்கின்றன. ஒரு சுவரின் நிறம் மறு சுவரில் விழும். ஆகவே கடையில் அட்டையில் பார்த்த நிறம், நடையில் பூசியபின் இன்னும் அழுத்தமாகத் தெரியும். "அட்டையில இளம்பச்சையாத்தான் இருந்துச்சு, அடிச்ச பிறகு கிளிப்பச்சையாப் போச்சே" என்று பலரும் நொந்துகொள்வது இதனால்தான். நீங்கள் விரும்பும் நிறத்துக்கு ஒரு படி இளசானதை எடுங்கள்.

எடுக்குமுன் சோதித்துப் பாருங்கள். சிறிய டின் ஒன்று வாங்கி, ஒரு பழைய பலகையில் இரண்டு பூச்சு அடித்து, காய்ந்தபின் நடையின் வாசல் பக்கமும் உள்பக்கமும் மாற்றி மாற்றி வையுங்கள். காலையில் ஒரு முறை, மத்தியானம் ஒரு முறை, இரவு விளக்கைப் போட்டு ஒரு முறை பாருங்கள். வெள்ளைக் குழல் விளக்கில் ஒரு மாதிரியும் மஞ்சள் விளக்கில் வேறு மாதிரியும் தெரியும். இந்தச் சோதனைக்குப் பிறகு, மஞ்சளா சாம்பலா என்ற வழக்குத் தானே தீர்ந்துவிடும்.

எங்கே எது?

மேல்கூரைத் தட்டுக்கு வெள்ளையே நல்லது. அங்கே கருமை ஏறினால் தலைமேல் இறங்கி வருவதுபோல் இருக்கும். இரு பக்கச் சுவருக்கும் பாலாடை, இளமஞ்சள், மிக இளசான பச்சை ஆகியவை பொருந்தும். நடை முடிகிற சுவர் ஒன்று உண்டல்லவா? அழுத்தமான நிறத்தில் ஆசை இருந்தால் அதை அங்கே பூசுங்கள். அந்தச் சுவர் கிட்ட வந்ததுபோல் தெரியும், நீண்ட குழாய்போன்ற நடை சற்றுக் குட்டையாகவும் அகலமாகவும் தோன்றும்.

பிள்ளைகள் கை வைக்கிற வீடு, அழுக்கு ஏறத்தான் செய்யும். அதற்குக் கருஞ்சாயம் மருந்தாகாது. அது அழுக்கை மறைக்குமே தவிரப் போக்காது. தரையிலிருந்து நாலடி உயரத்துக்குக் கழுவக்கூடிய, இலேசான பளபளப்புள்ள சாயத்தை, மேலே உள்ளதைவிட ஒரு படி அழுத்தமான நிறத்தில் அடியுங்கள். ஈரத் துணியால் துடைத்தால் போதும். அதற்கு மேலே பளபளப்பில்லாத சாயம் போட்டால் மேடு பள்ளம் தெரியாது.

அடுப்படிக்கு இறங்குகிற படி இருந்தால், அதன் விளிம்பில் இரண்டு விரற்கடை அகலத்துக்குப் பளிச்சென்ற மஞ்சள் கோடு போட்டுவிடுங்கள். கண்ணில் பூ விழுந்த பெரியவர்களுக்குப் படியும் தரையும் ஒன்றாகவே தெரியும். பத்து நிமிட வேலை, ஓர் இடுப்பு எலும்பைக் காப்பாற்றும்.

சாயத்துக்கு முன்னே சுவர்

சுவரை உள்ளங்கையால் தேயுங்கள். வெள்ளைத் தூள் ஒட்டினால் அது பழைய சுண்ணாம்பு. அதன்மேல் புதுச் சாயம் நிற்காது, சில மாதங்களில் செதில் செதிலாக உரியும். சுரண்டி, கழுவி, நன்றாகக் காயவிட்டு, சீலர் என்கிற அடிப்பூச்சு ஒன்று அடித்த பிறகே சாயம்.

சுவரில் ஈரம் இருந்தால் ஒழுகல் எங்கேயென்று முதலில் தேடுங்கள். ஈரத்தை அடைக்காமல் சாயத்தை அடித்தால் காசைத் தண்ணீரில் போட்டதாகும். கறுப்புப் பூஞ்சணம் இருந்தால் குளோராக்ஸ் போன்ற வெளுப்பானைத் தண்ணீரில் கலந்து, கையுறை போட்டு, கதவு சன்னல்களைத் திறந்து வைத்துத் துடையுங்கள். கழிவறைக்கு ஊற்றுகிற அமிலத்தை அதோடு ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சுப் புகை கிளம்பும்.

பிள்ளைகளுக்கு ஒரு பேராபத்து

தாய்மார்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். பழைய எண்ணெய்ச் சாயங்களில், முக்கியமாகக் கதவு, நிலை, சன்னலுக்கு அடித்தவற்றில், காரீயம் கலந்திருக்கக்கூடும். நம் நாட்டுச் சுரங்கத்து ஈயம் வேறு, இது வேறு. இந்தக் காரீயம் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே இதற்கு இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தவழுகிற குழந்தை தரையில் கிடக்கும் தூளைக் கையில் ஒட்டி வாயில் வைக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, பள்ளிக்கூடம் போனபின் "படிப்பு ஏறலியே" என்று பிள்ளையைத்தான் திட்டுவோம்.

ஆகவே பழைய சாயத்தைக் காய்ந்த உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம், நெருப்பு வைத்துச் சுடவும் வேண்டாம். தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேயுங்கள். வேலை நடக்கும்போது குழந்தைகளையும் கர்ப்பிணிப் பெண்களையும் வேறு வீட்டில் விடுங்கள். தரையை ஈரத் துணியால் துடையுங்கள், வேலைத் துணியைத் தனியாகத் துவையுங்கள். புதிதாக வாங்கும் டின்னில் காரீயம் சேர்க்காதது என்று போட்டிருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். மேல்தட்டு பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் அதைச் சுரண்டவோ துளைக்கவோ கூடாது. அதன் தூள் நுரையீரலுக்கு எமன்.

எத்தனை டின்?

கடையில் ஏமாறாமல் இருக்க ஒரு கணக்கு. நடை 12 அடி நீளம், 3 அடி அகலம், 9 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். இரு சுவரும் சேர்ந்து 216 சதுர அடி. இரண்டு கதவுக்கு 40 கழித்தால் 176. இரண்டு பூச்சுக்கு 352. ஒரு லிட்டர் சாயம் ஒரு பூச்சாக ஏறக்குறைய 100 சதுர அடி போகும். ஆக மூன்றரை லிட்டர். 5 லிட்டர் டின் ஒன்றே தாராளம். மேல்தட்டு 36 சதுர அடிதான், வெள்ளை ஒரு லிட்டர் போதும். பெரிய டின்தான் இலாபம் என்று கடைக்காரர் சொன்னால், மிச்சத்தை எங்கே பூசுவது என்று அவரையே கேளுங்கள்!

யார் செலவு?

சொந்த வீட்டுக்காரர் தம் காசில் பூச வேண்டியதுதான். தோட்டத்து வீட்டில் இருப்போர் கடைக்குப் போகுமுன் சற்று நில்லுங்கள். தொழிலாளர் வீடமைப்புக்கு 1966-இல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 1990-இல் குறைந்தபட்ச வீடமைப்பு வசதித் தரச் சட்டம் வந்து, 2019-இல் திருத்தப்பட்டது. தாம் கொடுத்த வீட்டைப் பழுதுபார்த்து நல்ல நிலையில் வைத்திருக்கும் பொறுப்பை அது முதலாளிமேல் வைக்கிறது. கூரை ஒழுகி நடைச் சுவர் ஊறிப்போனால், அதை நீங்கள் சாயம் பூசி மறைப்பது அவருடைய வேலையை உங்கள் காசில் செய்வதாகும்.

"கிராணிகிட்ட வாயால சொல்லிட்டேன்" என்றால் போதாது. எந்தெந்த வீடு, என்ன பழுது என்று எழுதி, பக்கத்து வீட்டாரையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டு, தேதியிட்டு, ஒரு நகல் வைத்துக்கொண்டு நிர்வாகியிடம் கொடுங்கள். பதில் வராவிட்டால் கிளைச் செயலாளரிடம் அந்த நகலைக் கொடுங்கள். தேவைப்பட்டால் தொழிலாளர் இலாகாவுக்கும் போகலாம். தேதி போட்ட ஒரு தாளுக்கு உள்ள பலம் நூறு வாய்ச் சொல்லுக்கு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலை முடிந்தால் தோட்டத்து வீட்டை விட்டுப் போக வேண்டி வரும். ஆகவே அங்கே ஒரு டின் சாயத்தோடு நிறுத்துங்கள். சேமிப்பைக் கரைத்து ஓடு பதிப்பதும் அலங்காரத் தட்டு மாட்டுவதும் வேண்டாம். அந்தப் பணம் உங்கள் பெயரில் எழுதப்படும் வீட்டுக்கு முன்பணமாக இருக்கட்டும்.

தோழர்களே! இந்தத் தீபாவளிக்குச் சாயம் வாங்கப் போகும் முன், இன்றிரவே ஒரு முறை நடையில் விளக்கைப் போட்டு நடந்து பாருங்கள். எங்கே இருட்டு, எங்கே ஈரம், எங்கே தடுக்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள பெரியவரையும் கூட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். எந்த நிறம் என்பதை அவர் கண்ணே சொல்லிவிடும்.