கான்கிரீட்டுக்குள் ஒரு கிட்டார் கம்பி

ஹாஸ்டல்ல யாராவது கிட்டார் ட்யூன் பண்றதைப் பார்த்திருப்பீங்க. கம்பியை முறுக்கினா சுருதி ஏறும், தளர்த்தினா இறங்கும். அணையிலும் சுரங்கத்திலும் புதைக்கிற வைப்ரேட்டிங் வயர் சென்சாரின் அடிப்படையும் இதுதான்.

உள்ளே என்ன இருக்கு?

இரண்டு முனையும் இறுகப் பிடிக்கப்பட்ட மெல்லிய எஃகுக் கம்பி, பக்கத்தில் காந்தத்தோடு ஒரு காயில். ரீட்அவுட் கருவி அனுப்பும் மின்துடிப்பு கம்பியைச் சுண்டிவிடும். கம்பி அதிரும்போது காயிலில் அதே அதிர்வெண்ணில் சிறு மின்னழுத்தம் தோன்றும். கருவி அதை எண்ணிச் சொல்லிடும்.

இழுவிசை, அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். 800 ஹெர்ட்ஸ் 880 ஆனா, அதிர்வெண் கூடினது 10%. இழுவிசை கூடினதோ 21%!

ஸ்ட்ரெயின் கேஜில் கான்கிரீட் நீண்டால் கம்பி இறுகும். பீசோமீட்டரில் கம்பியின் ஒரு முனை மெல்லிய உலோகத் தகட்டில் இருக்கும். நிலத்தடி நீர் தகட்டை உள்ளே தள்ளினால் கம்பி தளரும், அதிர்வெண் குறையும்.

ஏன் அதிர்வெண்?

மின்தடை வகை கேஜில் சிக்னல் மில்லிவோல்ட் கணக்கில்தான் வரும். கேபிள் நீண்டாலோ, இணைப்பில் ஈரம் ஏறினாலோ அளவே மாறிடும். இங்கே சிக்னல் பலவீனமானாலும் 800 ஹெர்ட்ஸ் 800 தான். அதனால்தான் நீளமான கேபிளோடு பல வருஷம் நம்பி விட்டுவைக்க முடியுது.

ஒரு கசப்பான பாடம்

அணைகளில் இந்த முறையை 1930-களில் கொண்டுவந்த முன்னோடி, பிரெஞ்சுப் பொறியாளர் ஆந்த்ரே கோய்ன். அவரே வடிவமைத்த மால்பாசே அணை 1959 டிசம்பர் 2 இரவு உடைந்தது. 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கான்கிரீட்டில் குறை இல்லை. இடது கரையில் அணையைத் தாங்கிய பாறைக்குள் ஏறிய நீரழுத்தமே முக்கியக் காரணம் என்று பிறகு ஆய்வுகள் காட்டின. சென்சார் தான் இருக்கும் இடத்தைப் பற்றி மட்டும்தான் பேசும். எங்கே வைக்கணும்னு யோசிக்க வேண்டியது நாமதான்.

சைட்டுக்குப் போனா இரண்டு விஷயம் மறக்காதீங்க. பீசோமீட்டரைப் புதைக்கும் முன்பே ஜீரோ ரீடிங் எடுத்து எழுதி வைங்க. புதைத்த பிறகு அதைத் திரும்ப எடுக்க முடியாது. ஒவ்வொரு முறையும் வெப்பநிலையையும் குறிச்சுக்குங்க. வெயிலில் கம்பியும் நீளும். அதை நீரழுத்தம்னு நினைச்சுடக் கூடாது.