குளியலறை விளக்குக்கு ஏன் கயிறு?

பிரிட்டன் வீடுகளில் குளியலறை விளக்கைப் போட, கூரையிலிருந்து தொங்கும் கயிற்றை இழுப்பார்கள். ஏன்? ஈரத் தோலில் மின்தடை வெகுவாகக் குறைந்துவிடும்; 230 வோல்ட் உயிரையே பறிக்கலாம். ஈரக்கை தொடுவது கயிற்றை மட்டுமே. மின்சாரம் எட்டாத உயரத்தில் இருக்கிறது. அருமையான ஏற்பாடு!

ஒவ்வொரு இழுப்புக்கும் உள்ளேயுள்ள பல்சக்கரம் ஒரு படி நகர்ந்து, 'டக்'கென்று இணைப்பைச் சேர்க்கும் அல்லது பிரிக்கும். ஸ்பிரிங் உடைந்தால் கயிறு தொளதொளவென்று தொங்கும். சுவிட்சையே மாற்ற வேண்டியதுதான்.

அப்போதுதான் கவனம் தேவை. 2004-க்கு முந்தைய வயரிங்கில் சிவப்பும் கறுப்பும் இருக்கும். கறுப்பு என்றால் நியூட்ரல்தானே என்று நம்பிவிடாதீர்கள். சுவிட்சில் இருக்கும் கறுப்பு வயர் பெரும்பாலும் விளக்குக்குப் போகும் லைவ். விளக்கு எரியும்போது அதிலும் 230 வோல்ட் உண்டு. மெயினை அணையுங்கள், மூடியைக் கழற்றியதும் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே வயரைத் தொடுங்கள்.