உங்களுக்குத் தெரியுமா? நிறுத்தினாலும் திறக்காத ஃபயர்வால்!

பீன்யாவில் பட்டறை; அதன் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவர் ஓசூரில் என்று வையுங்கள். லினக்ஸில் ஓடும் 'ஷோர்வால்' ஃபயர்வாலுக்கு அங்கிருந்தே 'ஷோர்வால் ஸ்டாப்' கட்டளை கொடுத்தால் எல்லாம் திறந்துவிடுமா? நேர்மாறு! விலக்குப் பட்டியலில் உள்ள கணினிகளைத் தவிர வேறு எதுவும் புதிதாக உள்ளே வர முடியாது. முழுக்கத் திறக்க 'கிளியர்' என்று தனிக் கட்டளை உண்டு.

பட்டியல் முன்பு 'ரூட்ஸ்டாப்டு' கோப்பில் இருந்தது; 4.5.8 பதிப்பில் 'ஸ்டாப்டுரூல்ஸ்' வந்தது. ஷோர்வாலை உருவாக்கிய டாம் ஈஸ்டெப் குறும்புக்காரர்: 'அட்மின்இஸ்ஆப்சென்ட்மைண்டட்' என்றே ஓர் அமைப்பு வைத்தார். அது 'யெஸ்' என்றிருந்தால், ஏற்கெனவே உள்ள இணைப்பு அறுபடாது. ஆனால் வெளியேறிவிட்டு மறுபடி நுழைய, உங்கள் ஐ.பி. முகவரி பட்டியலில் இருக்கவேண்டும். இல்லையென்றால் பீன்யாவுக்குப் பஸ் ஏறவேண்டியதுதான். 'ஸ்டாப்' அடிக்கும் முன் 'ஸ்டாப்டுரூல்ஸ்' கோப்பை ஒருமுறை திறந்து பாருங்கள்.