நேரம் தப்பிய கணினியும் திறக்க மறுக்கும் பக்கங்களும்

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகிய நான்கு தீவுகளுக்கும் நாட்டின் பொது மின்வலையமைப்பு எட்டவில்லை. பண்ணைப் பாலத்தைத் தாண்டி வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு வரைக்கும் கம்பி போகிறது. கம்பி முடியும் இடத்துக்கு அப்பால் இருப்பவர்களுக்கு அவரவர் தீவிலேயே மின்சாரம் பிறக்க வேண்டும். நெடுங்காலமாக அந்த வேலையைச் செய்தவை டீசல் மின்பிறப்பாக்கிகள். காற்றையும் வெயிலையும் கூடச் சேர்த்துக்கொள்ளும் கலப்பு நிலையம் முதலில் எழுவைதீவுக்கு வந்தது. மற்ற மூன்று தீவுகளுக்கும் இந்தியாவின் 11 மில்லியன் டொலர் நன்கொடையில், மொத்தம் 2,230 கிலோவாட் அளவில் அப்படியான நிலையங்களை அமைக்க 2024 மார்ச்சில் உடன்படிக்கை கைச்சாத்தானது.

மின்சாரத்தைப் பற்றிய இந்தத் தகவலுக்கும், "கூகிள் திறக்குதில்லை" என்று கணினிக்கு முன்னால் எழும் முறைப்பாட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மேசைக் கணினியின் தாய்ப்பலகையில் வட்டமான சிறிய பற்றரி ஒன்று செருகப்பட்டிருக்கும். அதன் பெயர் சீஆர் 2032. 20 மில்லிமீற்றர் விட்டம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு என்ற அளவுகளைத்தான் அந்த இலக்கங்கள் சொல்கின்றன. கணினி அணைந்திருக்கும் நேரத்திலும் உள்ளே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். செக்கனுக்கு 32,768 தடவை அதிரும் குவார்ட்ஸ் பளிங்குதான் அதன் நாடி. சுவர் ஆளி போட்டபடி இருந்தால், கணினியை அணைத்திருந்தாலும் அதன் மின்வழங்கி அந்தக் கடிகாரத்துக்குச் சிறிது மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆளியை அணைத்துவிட்டால் முழுப் பாரமும் பற்றரியின் தலையில்தான்.

தீவுப்பகுதியில் ஆளியை அணைக்காமல் விடுபவர் குறைவு. மின்னல் பயம் ஒரு பக்கம். மின்பிறப்பாக்கி நின்று திரும்ப ஓடும்போது வரும் ஏற்ற இறக்கம் இன்னொரு பக்கம். பலர் பிளக்கையே கழற்றி வைத்துவிடுவார்கள். அது நல்ல பழக்கம், விடச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. இந்தப் பற்றரியின் கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லி ஆம்பியர் மணி. கடிகாரம் 5 மைக்ரோ ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் 44,000 மணித்தியாலம் தாங்கும். அதாவது 5 ஆண்டு. ஆளி எந்நேரமும் போட்டிருக்கும் அலுவலகத்தில் அதே பற்றரி இன்னும் பல காலம் இருக்கும். விடுமுறை முழுக்கப் பூட்டிக் கிடக்கும் பாடசாலைக் கணினி அறையில் அதற்கு அந்தச் சலுகை இல்லை.

பற்றரி செத்ததும் கணினி தன் தொழிற்சாலைத் திகதிக்குத் திரும்பிவிடும். 2009 ஜனவரி 1 என்றோ, 2012 என்றோ காட்டும். மூலையில் சிறியதாகத் தெரியும் அந்தத் திகதியை யாரும் கவனிப்பதில்லை. உலாவியைத் திறந்தால் எந்தப் பக்கத்துக்குப் போனாலும் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று முழுத்திரை எச்சரிக்கை வரும். தொடர்பாடல் நிலையங்களில் அப்போது நடக்கும் உரையாடல் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான்.

"அண்ணை, நெற் இல்லை."

"நெற் இருக்குது தம்பி. போனிலை வட்ஸ்அப் போகுதெல்லோ? கொம்பியூட்டரிலை திகதி என்ன எண்டு பார்."

இணையத்தளத்தைப் பார்ப்பதற்குத் திகதி எதற்கு என்று கேட்பது நியாயமான கேள்வி. பூட்டுக் குறியோடு வரும் ஒவ்வொரு தளமும், முதல் வேலையாக ஒரு சான்றிதழை உலாவியிடம் நீட்டுகிறது. இந்தத் திறவுகோல் இந்தத் தளத்துக்கு உரியது என்று ஒரு சான்றளிப்பு நிறுவனம் ஒப்பமிட்ட ஆவணம் அது. எப்போது தொடங்கி எப்போது வரை அது செல்லும் என்ற இரண்டு நேரங்களும் அதில் செக்கன் கணக்கில் இருக்கும். திறவுகோல் களவு போனால் களவெடுத்தவன் காலம் முழுக்க அதை வைத்து ஏமாற்ற முடியாது என்பதற்காகவே இந்தக் கெடு. தளம் அனுப்பிய இரண்டு நேரங்களையும் உலாவி தன் கணினியின் கடிகாரத்தோடு ஒப்பிடுகிறது. 2009இல் நிற்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ்கள் எல்லாமே இன்னும் பிறக்காதவை. ஆகவே மறுக்கிறது. பெரிய தளங்கள் பலவற்றில் "பரவாயில்லை, போ" என்று தட்டிவிட்டுப் போகும் வழியையும் உலாவி தராது. தன்னை எப்போதும் பாதுகாப்பாகத்தான் திறக்க வேண்டும் என்று அந்தத் தளங்கள் முன்பே சொல்லிவைத்திருப்பதே காரணம்.

குரோம் சில வேளைகளில் காரணத்தையே கண்டுபிடித்து, உங்கள் கடிகாரம் பிந்தியிருக்கிறது என்று சொல்லும். தான் உருவாக்கப்பட்ட நாள் அதற்குத் தெரியும். தான் பிறப்பதற்கு முந்திய நாளைக் கணினி காட்டினால் கணினிதான் பிழை என்று முடிவெடுக்கிறது. இவ்வளவு கெட்டித்தனம் உள்ள மென்பொருளுக்குக் கடிகாரத்தைத் திருத்தும் அதிகாரம் மட்டும் இல்லை. அது இயங்குதளத்தின் வேலை. இயங்குதளமோ, குறிப்பாகப் பழைய விண்டோஸ், 15 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பிழையை இணையத்தைக் கேட்டுத் தானாகத் திருத்தாது. அவ்வளவு பெரிய பிழையைக் கண்டால் ஏதோ சூழ்ச்சி என்று விலகி நிற்கும்படிதான் அது அமைக்கப்பட்டிருக்கிறது. திகதியைக் கையால் ஒருமுறை போட்டுக் கொடுக்க வேண்டும். நிரந்தரத் தீர்வு புதுப் பற்றரி.

கடிகாரம் சரியான மணியைக் காட்டியும் கணினி நேரம் தவறியிருக்கலாம் என்பது இன்னும் சுவையான விசயம். கணினி மனதில் வைத்திருப்பது உலகப் பொது நேரத்தை. எங்கள் மணி என்பது அதோடு 5 மணி 30 நிமிடத்தைக் கூட்டி அது காட்டும் கணக்கு. கனடாவிலிருந்து ஊர்ச் சங்கத்தார் அனுப்பிவைக்கும் பழைய கணினிகளைப் பாருங்கள். நேரவலயம் ரொறன்ரோவில் நிற்கும். மணி பிழை என்று கண்ட ஒருவர் வலயத்தை மாற்றாமல் மணியை மட்டும் இலங்கை நேரத்துக்குத் திருப்பிவிடுவார். பார்வைக்கு எல்லாம் சரி. உள்ளே பொது நேரம் குளிர்காலத்தில் 10 மணி 30 நிமிடம் முந்தி நிற்கும். அடுத்த தடவை இணையத்தோடு நேரத்தைச் சரிபார்த்ததும் மணி திரும்ப ரொறன்ரோவுக்கே போய்விடும். திருத்தத் திருத்தப் பழையபடி போகிறது என்றால், வருடத்தில் இரண்டு தடவை, மார்ச்சிலும் நவம்பரிலும், ஒரு மணித்தியாலம் தானாகத் துள்ளுகிறது என்றால், பற்றரியைக் குறை சொல்லாதீர்கள். வலயத்தைப் பாருங்கள்.

எங்கள் நேரவலயத்துக்கே ஒரு சரித்திரம் உண்டு. 1996இல் வறட்சியால் நீர்மின்சாரம் தட்டுப்பட, மே 25ஆம் திகதி அரசு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. அதே ஆண்டு ஒக்ரோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. மீதி அரை மணி கிட்டத்தட்டப் பத்து ஆண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தது. 2006 ஏப்ரல் 15இல்தான் பழைய நேரத்துக்கு வந்தோம். அந்தப் பத்து ஆண்டும் பாக்கு நீரிணையின் இந்தக் கரையில் நெடுந்தீவும் அந்தக் கரையில் இராமேசுவரமும் அரை மணி வித்தியாசத்தில் விடிந்தன. விண்டோஸ் எக்ஸ்பி இந்த இடைக்காலத்தில் வந்த பிள்ளை. அதன் பட்டியலில் ஸ்ரீ ஜயவர்த்தனபுர என்ற பெயருக்கு எதிரே 6 மணி என்றே இருந்தது. புதுப்பிப்புப் பெறாத கணினிகளில் சென்னை, கொல்கத்தா என்று எழுதிய வரியைத் தெரிவதுதான் ஒரே வழி.

இவ்வளவையும் விரித்ததற்குக் காரணம், உலாவியில் தெரியும் பிழை உலாவிக்குள் பிறந்ததாக இருப்பது அபூர்வம் என்பதே. ஆனால் நாங்கள் முதலில் செய்வது உலாவியை அழித்துத் திரும்ப நிறுவுவது, அல்லது வரலாறு, குக்கி, சேமித்த கடவுச்சொல் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் துடைப்பது. எந்த வருத்தத்துக்கும் பனடோல் கொடுக்கிற மாதிரி. பலர் பாவிக்கும் கணினியில் இதனால் மற்றவர்களின் கடவுச்சொற்களும் சேர்ந்து போகும்.

பிரித்துப் பார்ப்பதுதான் முறை. முதலில் தனிப்பட்ட சாளரத்தில் அதே பக்கத்தைத் திறவுங்கள். அங்கே பழைய குக்கிகள் இல்லை. நீட்சிகளும் பெரும்பாலும் ஓடாது. அங்கே திறந்தால் குற்றவாளி குக்கி அல்லது நீட்சி. திறக்காவிட்டால் இன்னொரு உலாவி. அதிலும் இல்லையென்றால் அதே கணினியைக் கைபேசியின் இணைப்பில் கொளுவிப் பார்த்தல். ஃபயர்பொக்ஸைத் திறக்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால், நீட்சிகள் இல்லாத பழுதறியும் நிலையில் அது திறக்கும். அப்படியும் திருந்தாவிட்டால் மட்டும் மீளமைக்கலாம்: குரோமும் ஃபயர்பொக்ஸும் மீளமைக்கும்போது புத்தகக்குறிகளையும் கடவுச்சொற்களையும் விட்டுவைத்து, நீட்சிகளை ஓரங்கட்டும். பரீட்சைப் பெறுபேறு வெளிவரும் இரவில் பரீட்சைத் திணைக்களத்தின் தளம் திறக்காவிட்டால் இவை ஒன்றும் வேண்டாம். நாடு முழுக்க ஒரே வாசலில் நிற்கிறது, காத்திருங்கள்.

எழுத்துச் சிக்கல் வேறு சாதி. யாழ்ப்பாணத்தில் தட்டச்சுப் பழகியவர்கள் பலருக்குப் பாமினி எழுத்துருதான் தாய்வீடு. பாமினியில் தமிழ் என்று எழுதினால் கணினிக்குள் சேமிப்பாவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகள். ஜே என்ற இடத்தில் த வடிவத்தையும், கே என்ற இடத்தில் ம வடிவத்தையும் வரைந்து காட்டுவது எழுத்துரு மட்டுமே. அந்த முறையில் எழுதப்பட்ட பழைய பக்கங்கள் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன. தளங்கள் தாங்கள் விரும்பிய எழுத்துருவைப் பாவிக்க விடாதே என்று ஃபயர்பொக்ஸில் ஓர் அமைப்பு உண்டு. கண்ணுக்கு இதமான ஒரே எழுத்துருவில் எல்லாவற்றையும் வாசிக்க விரும்புபவர்கள் அதைப் போடுவார்கள், தரவும் மிச்சம். போட்ட அடுத்த கணம் பாமினிப் பக்கம் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாக மாறும். பல தளங்களின் பொத்தான் குறிகளும் கட்டங்களாகிவிடும், அவையும் எழுத்துருவில் ஒளிந்திருப்பவை என்பதால். அந்த அமைப்பைத் தொடாமல், எழுத்துருக்களின் மேம்பட்ட பகுதியில் தமிழைத் தெரிந்து, உரிய எழுத்துருவையும் ஆகக் குறைந்த அளவையும் மட்டும் குறிப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

ஆங்கில ஏ எழுத்தின் தலையில் சாய்கோடும், பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் எழுத்தும் திரும்பத் திரும்ப வந்தால் அது பாமினி அல்ல, ஒருங்குறி. ஒருங்குறித் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாக அனுப்பப்படுகிறது. முதல் பைட்டு எல்லாத் தமிழ் எழுத்துக்கும் ஒன்றே. உலாவி அதை மேற்கு ஐரோப்பிய எழுத்தாக வாசித்துவிட்டால் அந்த ஏ மூன்றுக்கொரு தடவை முளைக்கும். ஒருங்குறிக்கு முந்திய திஸ்கி குறியாக்க முறை இருந்த காலத்தில் நெற்ஸ்கேப்பில் குறியாக்கப் பட்டியலைத் திறந்து, பயனர் வரையறுத்தது என்ற வரியைத் தெரிந்து, அதற்குத் தமிழ் எழுத்துருவையும் பூட்டிவிட்டால்தான் ஒரு தமிழ்ப் பக்கத்தை வாசிக்கலாம். இன்று அந்தப் பட்டியலே இல்லை. குரோம் எடுத்துவிட்டது, ஃபயர்பொக்ஸ் 2021இல் அதைச் சுருக்கி, குறியாக்கத்தைச் சீர்செய் என்ற ஒரே கட்டளையாக்கியது. ஆல்ட் விசையை அழுத்தினால் வரும் பார்வைப் பட்டியலில் அது இருக்கிறது.

பழைய கணினிகளுக்கு இன்னொரு ஆபத்து, கடிகாரம் சரியாக இருந்தாலும் உண்டு. எந்தச் சான்றளிப்பு நிறுவனத்தை நம்பலாம் என்ற பட்டியலே அவற்றில் பழசாகியிருக்கும். 2021 செப்ரெம்பர் 30இல் லெட்ஸ் என்கிரிப்ட் சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியானபோது, புதுப்பிக்கப்படாத பல கருவிகளில் ஒரே இரவில் எத்தனையோ தளங்கள் திறக்காமல் போயின. ஃபயர்பொக்ஸ் இயங்குதளத்தின் பட்டியலை நம்பாமல் தன்னுடையதைத் தானே கொண்டு திரிவதால் அது தப்பியது. விண்டோஸ் 7 கணினிகளுக்கு குரோம் 109ஆம் பதிப்போடு 2023இல் நின்றுவிட்டது. ஃபயர்பொக்ஸ் 115இன் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கோ அதன் பிறகும் பல தடவை பாதுகாப்புத் திருத்தக் காலம் நீடிக்கப்பட்டது. நன்கொடையாக வந்த கணினியில் எதை வைப்பது என்று கேட்டால் என் பதில் ஃபயர்பொக்ஸ்தான்.

கடிகாரத்தின் பிடி இறுகிக்கொண்டே போகிறது. 2020 செப்ரெம்பரில் சான்றிதழின் ஆகக்கூடிய ஆயுள் 398 நாளானது. அதை 2026 மார்ச் 15இலிருந்து 200 நாளாகவும், படிப்படியாக 2029 மார்ச் 15இலிருந்து 47 நாளாகவும் குறைக்க, உலாவி தயாரிப்பாளர்களும் சான்றளிப்பு நிறுவனங்களும் சேர்ந்த மன்றம் 2025 ஏப்ரலில் தீர்மானித்தது. ஒரு கணினியின் கடிகாரம் 30 நாள் பிந்தியிருக்கிறது என்று வைப்போம். தளங்கள் வருடத்துக்கொரு முறை சான்றிதழ் மாற்றினால், கடந்த 30 நாளில் மாற்றியவை மட்டுமே அந்தக் கணினியில் திறக்காது. ஏறத்தாழ 12இல் ஒன்று. 60 நாளுக்கொரு முறை மாற்றினால் பாதித் தளங்கள் திறக்காது. 47 நாள் ஆயுளுள்ள சான்றிதழை 30 நாளிலேயே மாற்றிவிடும் காலத்தில் அந்தக் கணினிக்கு எல்லாத் தளமும் மூடியிருக்கும். இதுவரை பிழையான திகதியோடு ஒருவாறு சமாளித்த கணினிகள் அப்போது ஒரு பக்கத்தையும் திறக்கமாட்டா. சில நூறு ரூபாப் பற்றரியை மாற்றும்போது பிளக்கைக் கழற்றிவிட்டு, சக அடையாளம் மேலே பார்க்கச் செருகுங்கள். முதலில் நேரவலயம், பிறகு திகதி, அதற்குப் பிறகுதான் மணி.