தளத்தைத் தாங்குவது ஆணியா, ஸ்க்ரூவா?

கொல்லிமலையின் எடப்புளி நாட்டில் ஒருவர் வீட்டுக்கு மரத்தளம் போட்டு மேல்தட்டு எழுப்பவோ, சுற்றுலாப் பயணிகளுக்கு ஒரு குடில் கட்டவோ நினைத்தால், பிளைவுட்டும் ஸ்க்ரூவும் சமவெளியிலிருந்துதான் வர வேண்டும். காரவள்ளி வழியென்றால் 70 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி வாடகை கொடுத்து ஏற்றிய சரக்கு மட்டமானது என்று தெரிந்தாலும் திருப்பி அனுப்ப யாருக்கும் மனம் வராது. வந்ததை வைத்தே முடித்துவிடுங்கள் என்று ஆசாரியிடம் சொல்லிவிடுவார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

மரத்தளத்தில் ஆணிக்கும் ஸ்க்ரூவுக்கும் வெவ்வேறு வேலை. அடியில் வரிசையாகக் கிடக்கும் குறுக்குச் சட்டங்கள் உத்திரத்தோடு சேரும் இடத்தில், மேலிருந்து வரும் எடை ஆணியைக் குறுக்கே வெட்டப் பார்க்கும். அங்கே தடித்த கம்பி ஆணிதான் நல்லது. அது மென்மையான இரும்பு. பாரம் மீறினால் முதலில் வளையும், சட்டம் இறங்கும், தளம் முனகும். மேலே நிற்பவர்கள் இறங்கி ஓட நேரம் கிடைக்கும். இன்னும் நல்ல வழி, சட்டத்தின் முனையை உத்திரத்தின் மேலேயே உட்கார வைத்துவிடுவது. அப்போது எடையை மரமே தாங்கும், ஆணி சட்டத்தை நகராமல் பிடித்தால் போதும்.

பிளைவுட்டின் கதை வேறு. ஆட்கள் நடக்க நடக்கப் பலகை எழும்பி எழும்பி அமரும். வழவழப்பான ஆணி சிறிது சிறிதாக உருவிக்கொண்டு மேலே வரும். அங்கே மரையுள்ள ஸ்க்ரூ பிடிக்கும் பிடியை அந்த ஆணி பிடிக்காது.

பிரச்சினை எந்த ஸ்க்ரூ என்பதில் இருக்கிறது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கறுப்பு ஸ்க்ரூ, ஜிப்சம் பலகையைப் பொருத்துவதற்காகச் செய்யப்பட்டது. கடினப்படுத்திய மெல்லிய எஃகு. மெஷினில் வைத்தால் சரசரவென்று இறங்கும் என்பதால் எல்லா வேலைக்கும் அதையே எடுக்கிறார்கள். குறுக்கே எடை விழுந்தால் அது வளையாது, சட்டென்று முறியும். அதன் கறுப்புப் பூச்சு கொல்லிமலையின் மழைக்கும் மூடுபனிக்கும் தாங்காது, துருப்பிடிக்கும். சட்டங்களை இணைக்க அந்த ஸ்க்ரூவை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. ஈரம் படும் இடத்தில் துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஜி.ஐ. அல்லது துருப்பிடிக்காத எஃகுதான் சரி.

மலைக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. மிளகுக்கொடி படரத் தோட்டங்களில் நிற்கும் சில்வர் ஓக்கை அறுத்துப் பச்சையாகவே சட்டமாக்கினால், மரம் காயும்போது சுருங்கி ஆணியின் பிடி தளர்ந்துபோகும். அடிக்கும் நாளில் இறுக்கமாகத் தெரிந்த ஆணி சில மாதங்களில் ஆடும். மரத்தைக் காயவிட்ட பிறகே அடிக்க வேண்டும்.

சட்டங்களுக்கு நடுவே 400 மி.மீ. இடைவெளி இருந்தால் 18 மி.மீ. பிளைவுட் வீட்டுப் புழக்கத்துக்குத் தாங்கும். ஸ்க்ரூ 50 மி.மீ. நீளமாவது வேண்டும். பலகையின் ஓரங்களில் 150 மி.மீ.க்கு ஒன்று, நடுவில் 300 மி.மீ.க்கு ஒன்று. இரண்டு பலகைகளுக்கு நடுவே 3 மி.மீ. விட வேண்டும், இல்லாவிட்டால் ஈரத்தில் உப்பி முட்டிக்கொள்ளும். பலகையின் மேல்பக்கத்தில் தெரியும் மரவரி சட்டங்களுக்குக் குறுக்காக ஓட வேண்டும்.

இந்தக் கவனம் தவறினால் உயிர் போகும். 2003 ஜூன் 29 அன்று அமெரிக்காவின் சிகாகோவில் கூட்டம் நிறைந்த ஒரு மரத்தாழ்வாரம் இடிந்து 13 பேர் இறந்தார்கள். விதியை மீறிய அளவு, போதாத தாங்குகட்டைகள் ஆகியவற்றோடு, சுவரில் பிணைத்த ஸ்க்ரூக்கள் தேவையான நீளம் இல்லாமல் இருந்ததும் குறைகளில் ஒன்று. 2025 மே மாதம் வயநாட்டின் மேப்பாடி அருகே, பயணிகள் தங்கும் மரக்குடில் ஒன்று சரிந்து 24 வயதுப் பெண் உயிரிழந்தார். கொல்லிமலையில் குடில் நடத்துவோர் இதை அடுத்த ஊர்ச் செய்தியாக ஒதுக்க முடியாது. அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டுவரை சிறை உண்டு.

வாங்குபவருக்குச் சட்டம் தரும் பலமும் பெரிது. பிளைவுட்டுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2025-இல் கட்டாயமானது. பலகையில் ஐ.எஸ். 303 என்றால் பொதுப் பயன்பாடு, ஐ.எஸ். 710 என்றால் நீரைத் தாங்கும் மெரைன் வகை. முத்திரைக்கு அருகிலுள்ள உரிம எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் அது உண்மையா என்று கடையில் நின்றபடியே தெரிந்துவிடும். பலகையை வண்டியில் ஏற்றும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள்வரை திருப்பித் தரலாம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சிட்டுவிட்டாலும் இந்த உரிமை போய்விடாது. கூலி பேசி ஒப்பந்தமாக வேலை எடுத்தவர் மோசமாகக் கட்டினாலும் அது சேவைக் குறைபாடுதான். வருமானத்துக்காகக் குடில் கட்டியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்ற வாதம் வரும். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்துபவருக்கு அது பொருந்தாது.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தீராவிட்டால் நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், குறை நேர்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். கடை சேலத்தில் இருந்தாலும் வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய்வரை கொடுத்து வாங்கியதற்குக் கட்டணம் இல்லை. கொல்லிமலையின் மலையாளி மக்கள் பட்டியல் பழங்குடியினர் என்பதால், வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞரைப் பெற அவர்களுக்கு உரிமை உண்டு. அதற்கான எண் 15100.

தளம் இறங்கிவிட்டால் பழுது பார்க்கும் முன் படம் எடுக்க வேண்டும். முறிந்த ஸ்க்ரூக்களையும், முத்திரை தெரியும்படி அறுத்த பிளைவுட் துண்டையும், பில்லையும் பத்திரப்படுத்த வேண்டும். பொருளில் குறையா என்று பார்க்க வேண்டியிருந்தால், ஆணையம் அந்த மாதிரியைத்தான் ஆய்வகத்துக்கு அனுப்பும்.