அளவெடுத்துச் செய்த உதவி

2020 மார்ச் 11ஆம் திகதி உலக சுகாதார ஸ்தாபனம் கொவிட்-19 நோயை உலகளாவிய கொள்ளைநோயாக அறிவித்தது. அதற்கு எட்டு நாட்களுக்கு முன்னரே இன்னோர் எச்சரிக்கையையும் அது விடுத்திருந்தது. நோயாளரைப் பராமரிப்போருக்கு வேண்டிய முகக்கவசம், கையுறை, மேலங்கி என்பன உலகெங்கும் போதாமற் போகின்றன. மாதந்தோறும் 8 கோடி 90 இலட்சம் மருத்துவ முகக்கவசங்கள் தேவை. உற்பத்தியை 40 வீதத்தால் கூட்ட வேண்டும் என்று அது கேட்டது. முகக்கவசத்தின் விலை அப்போதே ஆறு மடங்காகியிருந்தது. செல்வந்த நாடுகளும் இத்தட்டுப்பாட்டுக்குத் தப்பவில்லை.

அவ்வேளையில் சாதாரண மக்கள் பலர் கைகொடுத்தார்கள். அவர்கள் அதை எப்படிச் செய்தார்கள் என்பது நாமும் அறியத்தக்கது.

கட்டில் விரிப்பில் கடமை உடை

பிரித்தானியாவில் 2020 மார்ச் 23ஆம் திகதி ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. நோய்த்தொற்றுக்கு அஞ்சி, வேலைநேரம் முடிந்ததும் கழற்றித் துவைக்கக்கூடிய தளர்ந்த சட்டையும் காற்சட்டையும் வைத்தியசாலைகளுக்குப் பெருந்தொகையாக வேண்டப்பட்டன. ‘ஸ்கிரப்ஸ்’ எனப்படும் இவ்வுடை போதாதிருப்பதைக் கண்ட தாதி ஒருவர், ‘ஃபோ த லவ் ஒவ் ஸ்கிரப்ஸ்’ என்ற தையற் குழுவைத் தொடங்கினார். பல்லாயிரம் பேர் சேர்ந்தனர். பல ஊர்களிலும் இத்தகைய குழுக்கள் தோன்றின.

வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒருவர் நன்கொடைப் பணத்தில் துணி வாங்கினார், ஒருவர் மாதிரிக்கு அமைய வெட்டினார், ஒருவர் தைத்தார். வைத்தியசாலைகளுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் மோட்டார் சைக்கிள் தொண்டர்கள், தைத்தவற்றையும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். துணி கிடைக்காதபோது நல்ல நிலையிலுள்ள கட்டில் விரிப்புகளும் மெத்தை உறைகளும் பயன்பட்டன.

எந்தத் துணியும் ஆகாது. 60 பாகை வெந்நீரில் பத்து நிமிடம் துவைத்தால் கிருமிகள் ஏறத்தாழ முற்றாக நீங்கும் என்பது அங்குள்ள சுகாதாரத் துறையின் வழிகாட்டல். அந்தச் சூட்டை மீண்டும் மீண்டும் தாங்கும் துணியே வேண்டும்.

தலையணை உறையில் நாடா கோத்துப் பைகளும் தைத்தார்கள். தாதி வேலை முடிந்ததும் உடையைக் கழற்றிப் பையிலிடுவார்; வீட்டில் பையோடு துவைக்கப் போடுவார். அழுக்கு உடையை வேறு எவரும் தொட வேண்டியதில்லை. தையல் பழகும் சிறுவரும் தைக்கக்கூடிய இப்பை, தாதியின் வீட்டாருக்கு ஒரு காவலாயிற்று.

ஆயினும் இவ்வுடை கிருமியை மறிக்கும் கவசமாகாது. அதன்மேல் ஏப்ரனும் கையுறையும் முகக்கவசமும் அணிந்தே தீரவேண்டும்.

செக் நாட்டு முகமறைப்பு

செக் குடியரசின் தலைநகர் பிராக்கில் யோசெப் புரூசா என்பவரின் நிறுவனம், பிளாஸ்டிக்கை உருக்கிப் படைபடையாக இட்டுப் பொருள் செய்யும் இயந்திரங்களைத் தயாரிக்கிறது. 2020 மார்ச்சில் அந்நிறுவனம் மூன்றே நாட்களில் முகமறைப்பு ஒன்றை வடிவமைத்து உற்பத்தியைத் தொடங்கியது. நெற்றிப்பட்டி, தெளிவான பிளாஸ்டிக் தாள், தெறி ஓட்டைகள் உள்ள இலாஸ்டிக் என்பன அதன் முக்கிய பாகங்கள்.

முதலில் மாதிரிகளைச் செய்து, சுகாதார அமைச்சுடன் கலந்து திருத்தினார்கள். பின்பு வடிவத்தை இலவசமாக வெளியிட்டார்கள். அத்தகைய இயந்திரம் வைத்திருந்தோர் பல நாடுகளிலும் அதைச் செய்தனர். அவர்களுக்கு ஒரு கண்டிப்பான அறிவுரையும் இருந்தது: உங்களுக்கே நோய் உண்டென எண்ணி நடவுங்கள், முகக்கவசமும் புதுக் கையுறையும் அணிந்து பொருளை எடுங்கள், உடனே பையிலிட்டு மூடுங்கள். மூச்சுக் கவசங்களை இவ்வாறு வீட்டில் செய்வது ஆபத்தாகலாம் என்றும் எச்சரித்தார்கள்.

கேட்டுச் செய்வோம்

நிவாரணம் வாங்கியவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். அளவு பொருந்தாத சட்டையும் சமைக்க முடியாத உணவும் கொடுத்தவருக்குத் திருப்தி, வாங்கியவருக்குச் சுமை. கேளாமற் செய்த உதவியின் கதி அது. எனவே எந்தக் குழுவும் தொடங்குமுன் நான்கு கேள்விகளுக்கு விடை காணட்டும்.

1. இது தேவை என்று, பயன்படுத்துவோரே சொன்னார்களா?
2. முதல் மாதிரியை அவர்கள் அணிந்து பார்த்தார்களா?
3. செய்யும் இடமும் கைகளும் சுத்தமா?
4. இப்பொருள் எதைச் செய்யாது என்பதையும் சொல்லிக் கொடுக்கிறோமா?

எமது குடியிருப்புகளில் தையல் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வாங்கியே பழகிய கைகள் கொடுக்கவும் வல்லவை. நாளை ஒரு நோய் பரவினால் ஐம்பது தைக்க அவசரப்பட வேண்டாம். ஒன்றைத் தைத்து, அருகிலுள்ள வைத்தியசாலைத் தாதியிடம் கொண்டுசெல்லுங்கள். அவர் சொல்லும் திருத்தத்தோடு இரண்டாவதைத் தொடங்குங்கள்.